கடைசித் தையல்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் ராஜபாட்டையில் பூந்தமல்லியைத் தாண்டினால், சிறிது தூரத்துக்கெல்லாம் வயல்கள் விடைபெற்றுக்கொண்டு மதில்கள் தொடங்கிவிடுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் வருஷம் ஹூண்டாய் மோட்டார் வண்டிகள் வெளிவர ஆரம்பித்தன. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரையில் நோக்கியா கம்பெனியார் கைத் தொலைபேசிகளைக் கோடிக்கணக்கில் செய்து தள்ளினார்கள். ஊருக்குத் தெற்கே ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களும் அங்கே உருளத் தொடங்கின. ஏரியும் நெல்லுமாக இருந்த இந்தச் சீமைக்குத் தொழிற்சாலைகள் அளித்த வெகுமதிகள் பல. அவற்றுள் ஒன்று ஒரு வார்த்தை. அதுதான் "பினிஷிங்". டீக்கடை பெஞ்சியிலும் இன்று அந்த வார்த்தை அடிபடுகிறது. புது வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் சரி, கல்யாணப் பந்தியில் பாயசம் நீர்த்துப் போனாலும் சரி, "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பினிஷிங் போதாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

இது வெறும் பேச்சு அல்ல. மோட்டார்த் தொழிற்சாலைகளில் வண்டி முழுவதும் உருவான பிறகும் அதை வெளியே விடமாட்டார்கள். வரிசை வரிசையாகக் கண்ணைப் பறிக்கும் விளக்குகளை ஏற்றி, அதன் நடுவே வண்டியை நிறுத்தி, வர்ணத்தில் கடுகளவு மாசு இருந்தாலும் கண்டுபிடிப்பதற்கென்றே ஆட்கள் நிற்கிறார்கள். உட்காரும் ஆசனத்தின் உறையைக் கவனியுங்கள். அதுவும் தைத்த துணிதான். பக்கவாட்டில் காற்றுப்பை அடங்கிய ஆசனமாக இருந்தால், அதன் ஒரு மூட்டுத் தையல் மற்றவற்றைப் போல் உறுதியாக இருக்கவே கூடாது. விபத்து நேர்ந்த க்ஷணத்தில் அது தானே பிரிந்து காற்றுப்பைக்கு வழிவிட வேண்டும். எந்த நூல், அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதெல்லாம் அதற்குக் கணக்கு உண்டு. ஓர் உயிர் அந்தத் தையலில் தொங்குகிறது.

இவ்வளவு கண்டிப்பான சீமையில் வாழும் நம் சகோதரிகள் சிலர், ஓய்வு நாளில் தாங்களே துணித் துண்டுகளை வெட்டி இணைத்துச் சித்திரம்போல் தைத்துப் பொருட்காட்சிக்கு அனுப்பும்போது மாத்திரம், அந்தக் கடைசிக் கண்டிப்பை ஏன் கைவிட்டுவிடுகிறார்கள் என்பதே நாம் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் எந்தத் துணியைச் சொல்கிறோம் என்பதை விளக்கிவிடுகிறோம். மேலே வர்ணத் துண்டுகளை இணைத்த ஒரு துணி, நடுவே மெல்லிய பஞ்சு அடுக்கு, கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்து நெடுக ஓட்டுத் தையல் போட்டால் அதுவே ஆங்கிலத்தில் "குவில்ட்". வடக்கே ரஜாய் என்பதும் இந்தக் குடும்பம்தான். குளிருக்குப் போர்த்துவதற்காகப் பிறந்த இந்தப் பொருள், இப்போது போர்த்துவதற்கு அல்லாமல் பார்ப்பதற்கென்றே செய்யப்படுகிறது. சுவரில் மாட்டும் சித்திரமாக அது மாறிவிட்டது. 2019-ம் வருஷம் "இந்தியா குவில்ட் பெஸ்டிவல்" என்று தனியாக ஒரு விழாவே சென்னையில் நடந்தது. குளிரே இல்லாத ஊரில் போர்வைக்குத் திருவிழாவா என்று சிரித்தவர்களும் உண்டு. சிரித்தவர்கள் அந்தத் துணிகளைக் கண்ணால் பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பார்கள்.

ஆறு மாதம் தைத்த துணியை ஒரே இரவில் முடிப்பது என்பது இவ்வேலையில் எங்கும் காணும் வழக்கம். நடுவிலுள்ள மயிலுக்கும் தாமரைக்கும் வாரக் கணக்கில் கண் விழிப்பார்கள். ஓரம், மூலை, பின்பக்கம், மாட்டும் வழி ஆகிய நான்கையும் பொருட்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம், "கொஞ்சம் ஓரம் அடித்துக் கொடுங்கள்" என்று தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். அதன் பலனை நாம் ஒரு பொருட்காட்சியில் நேரில் கண்டோம். ஏரிக்கரையும் பனைமரங்களுமாக ஒரு துணி. வர்ணச் சேர்க்கை அபாரம். ஆனால் மேல் விளிம்பில் நாலு இடங்களில் கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவே துணி தொய்ந்து, கொடியில் உலர்த்திய வேஷ்டியைப்போல் மூன்று தொட்டில்கள் உண்டாகியிருந்தன. நேராக நிற்க வேண்டிய பனைமரங்கள் கள் குடித்தவனைப்போல் சாய்ந்து நின்றன. வந்தவர்கள் அதை விட்டு அடுத்த துணிக்குப் போய்விட்டார்கள். ஆறு மாத உழைப்புக்கு அரை நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை.

இந்தப் பாடத்துக்காக நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் என்றதும் முன்காலத்தில் ஜனங்களுக்கு நினைவு வந்தது 1017-ல் அங்கே அவதரித்த ஸ்ரீ ராமானுஜரே. சித்திரைத் திருவாதிரையை ஒட்டி அங்கே நடக்கும் உற்ஸவத்தையும் தேரையும் அறியாதவர் தொண்டை நாட்டில் குறைவு. தேர் என்பது மரத்தச்சரின் வேலை மட்டும் அன்று. மேல்பாதி முழுவதும் துணிவேலை. தமிழ்நாட்டுத் தேர்களிலும் கோயில் மண்டபங்களிலும் உருளை வடிவமாகத் தொங்கும் தொம்பைகள், தலைக்கு மேலே விரியும் அஸ்மானகிரி, வாசலில் கட்டும் துணித் தோரணம் ஆகியவை எல்லாம் துண்டுத்துணி ஒட்டுவேலையில் நம்மவர் அடைந்த தேர்ச்சிக்குச் சாக்ஷிகள். இவற்றைத் தைப்பதில் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தையற்காரர்கள் பேர்போனவர்கள். தைப்பதற்குப் பதிலாக எழுதுகோல் கொண்டு வர்ணம் தீட்டியே தொம்பையும் குடையுறையும் செய்யும் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரு தொம்பையை அருகில் போய்ப் பாருங்கள். யாளியையும் தாமரையையும் சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிகளில் வெட்டி அடித்துணியின்மேல் பதித்திருப்பார்கள். வெட்டிய ஓரம் எதுவும் வெளியே தெரியாது. கயிற்றையோ வெள்ளைப் பட்டியையோ அதன்மேல் ஓட்டி மூடித் தைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் பக்தருக்கு அந்த வெள்ளைக் கோடு யாளியின் உருவத்தை எடுத்துக் காட்டுகிறது. காற்றிலும் வெயிலிலும் ஆடும் துணிக்கோ அதுவே பிரியாத காவல். அடியில் தொங்கும் குஞ்சங்கள் அலங்காரம் என்றுதான் நினைக்கிறோம். அவை கனமாகவும் இருந்து துணியை நேரே இழுத்துப் பிடிக்கின்றன. ஒரே வேலையில் அழகும் உபயோகமும்! இன்னொன்று: இந்தத் தையற்காரருக்குத் தவணை நீட்டிப்பு கிடையாது. பஞ்சாங்கம் குறித்த நாளில் தேர் நகர்ந்தே தீரும். பூரியில் ஜகந்நாதருடைய ரதத்துக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரைக்குச் சிவப்பும் கறுப்புமாக வருஷந்தோறும் புதுத்துணி போர்த்துகிறார்கள். ஆஷாட மாதத்து வளர்பிறைத் துவிதியை அன்று மூன்று ரதங்களும் தயாராக நிற்கவேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஓரத்தைக் கடைசி இரவுக்கு ஒத்திவைப்பதில்லை. வெட்டும்போதே ஓரத்தை நினைத்துக்கொண்டுதான் வெட்டுகிறார்கள்.

இனி நம் சகோதரியின் துணிக்கு வருவோம். ஐந்தடி அகலமும் ஆறடி உயரமும் உள்ள ஒரு குவில்ட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்து முடித்ததும் அது நாற்சதுரமாக இருக்கும் என்று யாரும் நம்பக்கூடாது. தையல் அடர்த்தியாக விழுந்த இடத்தில் துணி சுருங்கியிருக்கும். விழாத இடத்தில் உப்பியிருக்கும். ஆகவே முதலில் அதைச் சுத்தமான தரையில் பரப்பி, லேசாக நீர் தெளித்து, கையால் நீவி, விளிம்புகளைக் குண்டூசியால் நிலைப்படுத்தி, அப்படியே உலரவிட வேண்டும். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் பைதாகரஸ் என்ற பெயரைக் கேட்டு நடுங்கியவர்கள் இங்கே அவருடன் சமாதானம் செய்துகொள்ளலாம். 60 அங்குலமும் 72 அங்குலமும் பக்கமாக உள்ள துணிக்குக் குறுக்களவு ஏறக்குறைய 93¾ அங்குலம் வரும். இரண்டு குறுக்களவுகளும் ஒன்றாக இருந்தால் துணி நேர். ஒன்று 93-ம் மற்றொன்று 94½-ம் ஆக இருந்தால், சுவரில் மாட்டியதும் அந்த ஒன்றரை அங்குலத்தை ஊரே பார்க்கும். நேராக்கிய பிறகே மிஞ்சிய பஞ்சையும் அடித்துணியையும் வெட்டவேண்டும். முன்னால் வெட்டிவிட்டால் திருத்துவதற்கு இடமே இராது.

அடுத்தது ஓரப்பட்டி. இரண்டரை அங்குல அகலத்தில் நீண்ட துண்டுகளை வெட்டி, ஒன்றோடொன்று சாய்வாக மூட்டி, நீளவாட்டில் இரண்டாக மடித்து, துணியின் முன்பக்கத்து விளிம்பில் மிஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்வதே நல்ல முறை. மடித்த துணி இரண்டு அடுக்காக இருப்பதால் ஓரம் சீக்கிரம் தேயாது. விளிம்பு வளைவாக இருந்தால் நேர்த்துண்டு உதவாது. தையற்காரர்கள் "கிராஸ் பீஸ்" என்று சொல்லும் குறுக்குவாட்டுத் துண்டுதான் வளைந்து கொடுக்கும். நாம் சொன்ன குவில்டின் சுற்றளவு 22 அடி. மூலைக்கும் மூட்டுக்குமாக இன்னும் ஓர் அடி சேர்த்து 23 அடிப் பட்டி வேண்டும். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால், 264 அங்குலத்துக்கு 2,112 தையல். ஒரு தையலுக்கு ஐந்து விநாடி என்று தாராளமில்லாமல் கணக்கிட்டாலும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறது. இது ஊசியில் நூல் கோக்கும் நேரமும், குழந்தை கூப்பிட்டால் எழுந்து போகும் நேரமும் நீங்கலாக. இந்த மூன்று மணி நேரத்தை இரவு ஷிப்டு முடிந்து வந்தவள் பொருட்காட்சிக்கு முதல்நாள் எங்கே தேடுவாள்?

ஓரத்தைவிடச் சங்கடம் மூலை. பட்டியை நாற்பத்தைந்து பாகையில் மடித்து, முன்னும் பின்னும் ஒரே கோடாக விழும்படி தைத்தால், மூலை கத்தி முனைபோல் நிற்கும். அவசரத்தில் உருட்டிவிட்டால் நாய்க்காதுபோல் மடங்கும். பரீக்ஷகர்கள் முதலில் மூலையைத்தான் பார்ப்பார்கள் என்று இத்துறையில் பழகியவர்கள் சொல்வதுண்டு.

மூலை என்றதும் வட கன்னட ஜில்லாவில் வாழும் சித்தி இனத்துப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சத்தார் அவர்கள். பழைய புடவை, சட்டைத் துண்டுகளைக் கொண்டு "கவண்டி" என்னும் போர்வை தைக்கிறார்கள். நாம் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தில் முடிக்கிறோம் அல்லவா? அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிக்கிறார்கள். ஆதலால் ஓரம் அங்கே ஒருநாளும் கடைசி நேரத்து அவசரமாக ஆவதில்லை. நாலு மூலையிலும் துணியை மடித்து முக்கோணப் பூக்களாக வைத்துத் தைக்கிறார்கள். அதற்கு "பூலா" என்று பெயர். பூலா இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு நிர்வாணம்! இந்தப் போர்வைகள் 2011-ல் நியூயார்க் நகரத்து ஷாம்பர்க் நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. படித்தவர்கள் சிலர் "அநாவசியமான தொங்கல்" என்று வெட்டி எறிந்திருக்கக்கூடிய அந்த மூலைப் பூவே, சித்திப் பெண்களின் கைவேலை இது என்று தூரத்திலிருந்தே அறிவிக்கும் முத்திரையாக அங்கே நின்றது.

இப்போது மாட்டும் வழி. கிளிப்பு, ஆணி, வளையம் மூன்றையும் மறந்துவிடலாம். துணியின் கனம் முழுவதையும் இரண்டொரு புள்ளிகளில் சுமத்துபவை அவை. மேல் விளிம்புக்கு அரை அங்குலம் கீழே, பின்பக்கத்தில், நாலு அங்குல அகலமுள்ள குழாய்போன்ற ஓர் உறையைத் தைத்து, அதனுள் கம்பையோ தட்டையான பலகையையோ நுழைத்து மாட்டுவதே உலகெங்கும் ஏற்ற வழி. கனம் விளிம்பு முழுவதிலும் சமமாக இறங்கிவிடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உறையைத் துணியோடு தட்டையாக ஒட்டித் தைத்தால், கம்பு நுழைந்ததும் அதன் பருமன் முன்பக்கத்தில் புடைத்துத் தெரியும். ஆகவே உறையின் வெளிப்பக்கத்தைச் சற்றுத் தொள தொளவென்று விட்டுத் தைக்கவேண்டும். தையல் பின்துணியையும் பஞ்சையும் மட்டுமே பிடிக்கவேண்டும்; முன்பக்கத்தில் ஒரு புள்ளியும் தெரியலாகாது. இரு முனைகளிலும் ஓரங்குலம் குறைத்துவிட்டால் கம்பு பக்கத்தில் எட்டிப் பார்க்காது. மரக்கம்பு பச்சையாக இருந்தால் அதிலுள்ள புளிப்புச் சத்து நாளடைவில் துணியைப் பழுப்பாக்கும். வார்னிஷ் பூசி நன்றாக உலரவிட வேண்டும், அல்லது அதன்மேல் துணி சுற்றவேண்டும்.

ஓரமும் மாட்டும் வழியும் எவ்வளவு பெரிய காரியத்தைத் தாங்கக்கூடும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறோம். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் உற்றார் உறவினர், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் மூன்றடி அகலமும் ஆறடி நீளமுமாக ஒரு துணி தைத்தார்கள். ஒரு புதைகுழியின் அளவு அது. பழக்கமில்லாத கைகள் தைத்தவை. சட்டையும் தொப்பியும் பொம்மையும்கூட அவற்றில் தைக்கப்பட்டிருந்தன. 1987-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி வாஷிங்டன் நகரத்து மைதானத்தில் 1,920 துணிகளை விரித்தார்கள். அப்படி விரிக்க முடிந்தது எதனால்? எட்டு எட்டுத் துணிகளாக இணைத்து, பன்னிரண்டடிச் சதுரங்களாக்கி, சுற்றிலும் முரட்டுக் கித்தான் பட்டி அடித்து, கயிறு கட்ட உலோக வளையங்கள் பதித்திருந்தார்கள். அழுதுகொண்டே தைத்தவர்களின் தையலுக்குக் கித்தான் பட்டி தைத்தவர்களின் நிதானம் காவலாயிற்று.

துப்புரவைப் பற்றி இரண்டொரு வார்த்தை. தைக்கும்போது கோடு போட்ட சாக்கட்டியும் பென்ஸிலும் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். அவற்றைப் போக்க ஈரத்துணி கொண்டு தேய்ப்பதற்கு முன், சிவப்புத் துணியிலிருந்து சாயம் கசிகிறதா என்று மறைவான ஒரு மூலையில் வெள்ளைப் பஞ்சை நனைத்து அழுத்திப் பார்க்கவேண்டும். அவசரத்துக்குப் பசை போட்டு ஒட்டிவிடுவது இக்காலத்தில் பெருகிவரும் கெட்ட பழக்கம். பசை காய்ந்தால் துணி அட்டையாகிவிடுகிறது. மாவுப் பசையாக இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகவே கொள்ளலாம். உள்ளே மறந்துவிட்ட ஊக்கோ குண்டூசியோ நம் கடற்கரைக் காற்றில் மழைக்காலம் ஒன்று கழிவதற்குள் துருப்பிடித்து, வெளுக்க முடியாத கறையாகிவிடும். பூச்சிக்குப் பாட்டிமார் பட்டுப் புடவைகளுக்கிடையே வைத்த வசம்பு நல்லதுதான். ஆனால் அதை நேரே துணியின்மேல் போடாமல் சிறு மூட்டையாகக் கட்டிப் பெட்டியின் ஓரத்தில் வைக்கவேண்டும். வெளிச்சமும் ஒரு சத்துரு. நடுப்பகல் வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் என்றால், மியூஸியங்கள் பழந்துணிகளுக்கு அனுமதிப்பது 50 லக்ஸ்தான். பொருட்காட்சி மண்டபத்தில் ஜன்னலுக்கு எதிரே இடம் கொடுத்தால், எவ்வளவு கௌரவமான இடமாயினும், வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வேண்டும்.

பின்பக்கத்து வேலையில் நாம் மிக முக்கியமாகக் கருதுவது, மிகச் சிறியது: பெயர். ஒரு சாண் துணியில் தைத்தவர் பெயர், ஊர், வருஷம், துணியின் வகை, துவைக்கும் முறை ஆகியவற்றை அழியாத மையாலோ நூலாலோ எழுதிக் கீழ் மூலையில் தைத்துவிட வேண்டும். இதை அடக்கமின்மை என்று கருதுகிறவர்கள் உண்டு. அவர்கள் வங்காளத்துக் காந்தா ஒன்றைப் பார்க்கவேண்டும். நம் "கந்தை" என்ற சொல்லும் அந்தக் "காந்தா"வும் ஒரே வடமொழி வேரில் முளைத்தவை. நாம் கந்தையைக் கசக்கிக் கட்டினோம். வங்காளத்துப் பெண்கள் அதை அடுக்கித் தைத்துச் சித்திரமாக்கினார்கள். குருசதய் தத் திரட்டிய காந்தாக்களில் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் குல்னாப் பக்கத்தில் மானதாசுந்தரி என்ற பெண்மணி தைத்தது. தன் தகப்பனாருக்குத் தன் கையாலேயே தைத்துச் சமர்ப்பிப்பதாக அதிலேயே நூலால் எழுதிவிட்டாள். அதனால்தான் இன்று நாம் அவள் பெயரைச் சொல்ல முடிகிறது. அதே காலத்தில் அதே சாமர்த்தியத்துடன் தைத்த எத்தனையோ பேர் "வங்காளம், 19-ம் நூற்றாண்டு" என்ற சீட்டுக்குள் மறைந்துவிட்டார்கள்.

மேல்நாட்டிலும் இதே கதை. 1971-ல் நியூயார்க்கின் விட்னி மியூஸியத்தில் பழைய அமெரிக்கக் குவில்டுகளை நவீன ஓவியங்களுக்குச் சமமாகச் சுவரில் மாட்டினார்கள். பெரிய கௌரவம்தான். ஆனால் தைத்த பெண்களில் பெரும்பாலோர் பெயர் யாருக்கும் தெரியாது. அலபாமா மாகாணத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரிலுள்ள கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்டுகள் 2002-ல் ஹூஸ்டனிலும் பிறகு விட்னியிலும் காட்சிக்கு வந்தபோது பெயர்களோடு வந்தன. 2006-ல் அமெரிக்கத் தபால் தலைகளிலும் ஏறின. அடுத்த வருஷமே, தங்கள் துணிகளால் பிறர் அடைந்த லாபத்தில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று சிலர் கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. 2008-ல் ராஜி ஏற்பட்டது. பெயர் இருந்ததனால்தான் வழக்காவது போட முடிந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

நம் பொருட்காட்சிக் கமிட்டியாருக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறோம். சித்திரத்தைக் கற்பனை செய்தவர் ஒருவராகவும், ஓரமும் உறையும் தைத்துக் கொடுத்தவர் மற்றொருவராகவும் இருந்தால் இரண்டு பெயரையும் அட்டையில் அச்சிடுங்கள். தெருமுனைத் தையற்காரர் ஐந்து மணி நேர வேலைக்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போவதையும், துணி பல ஆயிரத்துக்கு விலைபோவதையும் சமமாகத் தொங்கவிட முடியாது. சிலர் "கலை வேறு, தையல் வேறு" என்பார்கள். சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அப்படி நினைக்கவில்லை. அவரும் அவருடைய மாணவர்களும் பாடிக் துணிகள் முதலான கைவேலைகளைச் செய்து விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டே 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமம் உருவாயிற்று. ஓவியர்களைக் காப்பாற்றியது துணி!

உபாத்தியாயர் தொழிலில் இருக்கும் நாம் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கைத்தொழிலை நடுவில் வைத்துக் கல்வியை அமைக்கவேண்டும் என்று வார்தாவில் பேசியது 1937-ல். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-ல் ஓவியம், உடற்பயிற்சி, தையல் முதலிய தொழில்கள் கற்பிக்க 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பிறகு சிறிது சிறிதாக உயர்ந்தது. நிரந்தரமாக்கக் கோரி அவர்கள் பல முறை போராடினார்கள். மூன்று அரை நாளில் என்ன கற்பிக்க முடியும்? ஓட்டுத் தையல் கற்பிக்கலாம், ஹெம்மிங் கற்பிக்கலாம். குறுக்களவு எடுப்பதையும் மூலை மடிப்பதையும் கற்பிப்பதற்குள் மணி அடித்துவிடும். பள்ளிகளில் வருஷாந்திரக் கண்காட்சிக்கு வரும் துணிகளைப் பாருங்கள். முன்பக்கத்தில் கிளி பறக்கும். பின்பக்கத்தில் நூல்கள் புதர்போல் மண்டியிருக்கும். குழந்தைகளை நாம் குறை சொல்லவில்லை. திருப்பிப் பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திருப்பிப் பார்க்கும் பரீக்ஷகரும் அபூர்வம்.

கடைசியாக, துணி ஒரகடத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போய்ச் சேரவேண்டும் என்றால் அதை மடிக்கவே கூடாது. மடித்த கோடு பஞ்சில் பதிந்துவிட்டால் இஸ்திரிப் பெட்டிக்கும் பணியாது. ஜவுளிக் கடையில் கேட்டால் துணி சுற்றிவந்த கனத்த அட்டைக் குழாய் கிடைக்கும். அதன்மேல் பழைய வெள்ளைப் பருத்திப் புடவை ஒன்றைச் சுற்றி, அதற்குமேல் குவில்டை முன்பக்கம் வெளியே தெரியும்படி சுற்றவேண்டும். பலரும் அழுக்குப்படும் என்று பயந்து முன்பக்கத்தை உள்ளே வைத்துச் சுற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் உள்ளடங்கும் முன்பக்கம் சுருக்கம் விழுந்து வரும். வெளியே இருந்தால் சுருக்கம் அடித்துணியோடு போய்விடும். மேலே இன்னொரு புடவையைச் சுற்றி, சணல் கயிற்றால் அல்லாமல் அகலமான நாடாவால் கட்டவேண்டும். பிளாஸ்டிக் உறை மழைக்குத்தான். போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிட வேண்டும். உள்ளே வேர்வை கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். முடியுமானால் திறப்பு விழாவுக்கு முதல்நாளே மாட்டிவிடுவது நல்லது. ஓர் இரவு தன் கனத்தில் தானே தொங்கிய துணி மறுநாள் காலையில் நேராகிவிடும். எங்காவது இழுத்தால் திருத்தவும் நேரம் இருக்கும்.

இறக்கும் நாளிலும் கவனம் வேண்டும். ஜனங்கள் போனபின் விளக்கை அணைக்கும் அவசரத்தில் துணியை உருவி மூட்டை கட்டுவதே வழக்கமாக இருக்கிறது. இரண்டு பேர் கம்பின் இரு முனைகளையும் பிடித்துத் தரையில் விரித்த வேஷ்டியின்மேல் இறக்கி, தூசியை மெல்லிய துணி கட்டிய உறிஞ்சியால் எடுத்து, தற்காலிகமாகக் குத்திய ஊசிகளை எண்ணிக் கழற்றவேண்டும். நாற்பது குத்தியிருந்தால் நாற்பதும் டப்பாவில் விழுந்த பிறகே துணியைச் சுற்றலாம்.